எட்டயபுரத்து இசை ஆவணம்: சுப்பராம தீட்சிதரின் வாழ்வும் பணியும்

சுப்பராம தீட்சிதர் (1839–1906) எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவான். வாக்கேயக்காரர், வீணை வித்துவான், இசையியல் அறிஞர். 1904-இல் எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சகத்திலிருந்து வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அவருடைய தலையாய படைப்பு. முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள் ஸ்வரம், தாளம், கமகக் குறிகளோடு முதன்முதலாக அச்சேறியது இந்த நூலில்தான். இசையியல் அறிஞர் வேங்கடமகியின் மரபில் வந்த கீதங்கள், தானங்கள், பழைய பிரபந்தங்கள், வர்ணங்கள், ராகமாலிகைகள், எழுபத்துக்கும் மேற்பட்ட இசைவாணர்களின் வரலாறு ஆகியவையும் இதில் உள்ளன. அதுவரை குருவின் வாயிலிருந்து சீடனின் செவிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரும் இசைச் செல்வம் காகிதத்தில் இறங்கிய தருணம் அது. கர்நாடக இசையின் வரலாற்றை எழுதுபவர் எவரும் இந்த நூலைத் தொடாமல் நகர முடியாது.

குடும்பம்

திருவாரூரில் வாழ்ந்த ராமசுவாமி தீட்சிதரிடமிருந்து (1735–1817) இந்தக் குடும்பத்தின் இசை வரலாறு தொடங்குகிறது. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் அவர். நூற்றெட்டு ராகங்களும் தாளங்களும் கொண்ட ஒரு மாபெரும் மாலிகையையும் அவர் இயற்றினார். அவருக்கு முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என மூன்று புதல்வர்கள். சென்னைக்கு அருகே மணலியில் வேங்கடகிருஷ்ண முதலியார் இந்தக் குடும்பத்தை ஆதரித்தார். அங்கு இருந்த காலத்தில் பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அந்தக் கருவியைக் கர்நாடக இசைக்குப் பழக்கினார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி அரிது என்னும்போது அந்த முடிவின் கனம் புரியும்.

பாலுசுவாமி பிற்பாடு எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக அமர்ந்தார். வாழ்நாளின் கடைசிக் காலத்தில் தம்பியைத் தேடி எட்டயபுரம் வந்த முத்துசுவாமி தீட்சிதர், 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அங்கேயே காலமானார். அவருடைய சமாதி அந்த ஊரில் இருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்துப் பாலுசுவாமியின் மகள் அன்னபூரணிக்கும் சிவராம ஐயருக்கும் பிறந்த குழந்தைதான் சுப்பராமன். பாலுசுவாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள்வயிற்றுப் பேரனைச் சிறுவயதிலேயே எட்டயபுரத்துக்கு அழைத்து வந்து மகனாகத் தத்தெடுத்தார். பிறப்பால் தாத்தா, தத்தால் தந்தை, கல்வியால் குரு. ஒரே மனிதரிடம் இந்த மூன்று உறவும் கூடியதால், முத்துசுவாமி தீட்சிதரை நேரில் கண்டிராத சுப்பராமருக்கும் அவருக்கும் இடையே நின்றது ஒரே ஒரு தலைமுறைதான். அந்தத் தலைமுறையும் தீட்சிதரின் உடன்பிறந்த தம்பியே. பிரதர்சினியின் நம்பகத்தன்மையை எடைபோடும்போது இந்த அருகாமையை மறந்துவிடக் கூடாது.

வீணையும் இசையும் பாலுசுவாமியிடம் பயின்ற சுப்பராமர், வடமொழியும் தெலுங்கும் விளாத்திகுளம் கிருஷ்ணையாவிடம் கற்றார். எட்டயபுரம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், கரிசல் நிலத்தின் நடுவே இருக்கிறது. ஆண்டவர்கள் தெலுங்கு பேசும் ஜமீன் குடும்பத்தினர், சுற்றிலும் தமிழ், இசைக்கும் சாஸ்திரத்துக்கும் வடமொழி. மூன்று மொழிகளும் புழங்கிய அந்த அரண்மனைச் சூழல் அவருடைய எழுத்தில் நெடுகத் தெரிகிறது.

வாக்கேயக்காரர்

பதினேழாம் வயதில் முருகன்மேல் தர்பார் ராகத்தில் ஒரு தானவர்ணம் இயற்றி அரசவையில் பாடினார். அந்த வயதுப் பையனுக்கு இது கைவருமா என்று மன்னருக்கு ஐயம். பெரியவர் யாரேனும் செய்துகொடுத்திருப்பாரோ என்று நினைத்தார். யமுனா ராகத்தில் ஒரு ஜதிஸ்வரம் செய்துவரும்படி சொல்லி அவரைச் சோதித்தார். சுப்பராமர் அதை முடித்துக்காட்டியதும் சால்வையும் பொற்காசுகளும் பரிசாகக் கிடைத்தன. நூலில் தம் வரலாற்றைச் சொல்லும் பகுதியில் இந்த நிகழ்ச்சியை அவரே பதிவு செய்திருக்கிறார். சில ஆண்டுகளுக்குள் அவர் ஆஸ்தான வித்துவான் ஆனார். 1858-இல் பாலுசுவாமி மறைந்தபின் குடும்ப மரபின் முழுப் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது.

அவர் இயற்றியவை வர்ணங்கள், கிருதிகள், ஜதிஸ்வரங்கள், ராகமாலிகைகள் எனப் பலவகைப்படும். அவற்றுள் இன்று மேடையில் பரவலாகக் கேட்கக் கிடைப்பது சங்கராபரண ராகத்தில் ஆதிசங்கரரைப் போற்றும் ‘சங்கராசார்யம்’. எட்டயபுரத்து அரசகுடும்பத்தினர் எழுதிய பாடல்களும் தீட்சிதர் குடும்பத்தின் இசையமைப்போடு பிரதர்சினியில் இடம்பெற்றுள்ளன. அவற்றில் தமிழ்ப் பாடல்களும் உண்டு. சொல் ஒருவருடையது, வர்ணமெட்டு வேறொருவருடையது என்ற இந்த வழக்கம் அரண்மனை இசையில் சாதாரணம். ஆனால் வாக்கேயக்காரர் என்றால் இரண்டையும் ஒருவரே செய்தவர் என்ற இலக்கணம் பிற்காலத்தில் இறுகிவிட்டதால், இப்படிப்பட்ட கூட்டுப் படைப்புகள் மதிப்பில் பின்தள்ளப்பட்டன. அது நியாயமல்ல. மெட்டமைத்தவரின் இசையறிவை அளக்க அவையும் நல்ல சான்றுகள்.

சுப்பராமரின் படைப்பாற்றலைக் காண இன்னொரு இடமும் உண்டு. பிரதர்சினியில் ராகந்தோறும் அவரே இயற்றிய ஒரு ‘சஞ்சாரி’ இருக்கிறது. சஞ்சாரி என்பது சொற்கள் இல்லாத, தாளத்தில் கட்டப்பட்ட ஸ்வரக் கோவை. ஒரு ராகம் எந்த இடத்தில் நின்று இளைப்பாறும், எந்தப் பிடியைத் திரும்பத் திரும்பத் தொடும், எங்கே வளைந்து இறங்கும் என்பதை அது வாசித்துக் காட்டிவிடும். ராகத்துக்கு இலக்கணம் சொல்வது ஆராய்ச்சியாளரின் வேலை. அந்த இலக்கணத்தை இசையாகவே எழுதித்தருவது வாக்கேயக்காரரின் வேலை. சஞ்சாரியில் இந்த இரண்டும் பிரிக்கமுடியாதபடி கலந்திருக்கின்றன. அவருடைய மிகச் சிறந்த சாகித்யங்கள் சாகித்யமே இல்லாத இந்தச் சஞ்சாரிகள்தாம் என்று சொல்ல இடமுண்டு. இவை மேடைக்கு வருவதில்லை. மாணவர்களின் சாதகத்திலும் இன்னும் போதிய இடம் பெறவில்லை.

படைப்பாளி ஒருவர் தம் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, பிறர் இசையைத் தொகுப்பதில் ஆயுளைச் செலவிடுவது உலகில் அபூர்வமாகவே நடக்கிறது. போலந்து நாட்டின் ஓஸ்கர் கோல்பெர்க் (1814–1890) அப்படிப்பட்ட ஒருவர். பியானோ இசையும் இசைநாடகங்களும் இயற்றிக்கொண்டிருந்த அவர், நாட்டுப்புற மக்களின் பாடல்களைத் திரட்டத் தொடங்கி, 1857 முதல் தொகுதிகளாக வெளியிட்டார். போலந்து அப்போது மூன்று பேரரசுகளுக்கிடையே பங்குபோடப்பட்டு வரைபடத்தில் இல்லாத நாடு. அரசு ஆதரிக்காததை ஒரு தனிமனிதரின் பிடிவாதம் செய்து முடித்தது. கோல்பெர்க் ஊர் ஊராக அலைந்து பிறர் பாடக் கேட்டு எழுதினார். சுப்பராமர் தம் வீட்டுக்குள் இருந்ததையே எழுதினார். இரண்டாவது வேலைக்கு அலைச்சல் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு துணிவு தேவைப்பட்டது.

சின்னசுவாமி முதலியாரின் தூண்டுதல்

குடும்ப வித்தையை வெளியே விடுவதில்லை என்பது அந்தக் கால வித்துவான்களின் பொது வழக்கம். தகுதியான சீடனுக்கு, அதுவும் பல ஆண்டுப் பணிவிடைக்குப் பிறகே, ஒரு கிருதி கிடைக்கும். அச்சடித்து விற்பது அந்த மனப்போக்குக்கு நேர் எதிரானது. சுப்பராமரும் அதே மரபில் வந்தவர்தான்.

அவரை மாற்றியவர் ஏ. எம். சின்னசுவாமி முதலியார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் பணியாற்றிய எம்.ஏ. பட்டதாரி, கிறிஸ்தவர், மேல்நாட்டு இசையெழுத்தில் தேர்ந்தவர். தென்னாட்டு இசை எழுதிவைக்கப்படாமல் அழிந்துபோகும் என்ற கவலை அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதர் பாடக் கேட்டு, தியாகராஜ கிருதிகளை ஐந்துகோட்டு ஐரோப்பிய முறையில் எழுதி, 1890-களின் தொடக்கத்தில் தம் சொந்தச் செலவில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கைப்பணம் கரைந்தது; கண்பார்வையும் மங்கியது. அந்த முயற்சிக்காகவே முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைத் தேடிச் சுப்பராமரிடம் வந்தார்.

தம் நூலை முடிக்கமுடியாது என்று தெரிந்த நிலையில், 1899-ஆம் ஆண்டின் இறுதியில் எட்டயபுரம் மன்னரிடம் முதலியார் ஒரு கோரிக்கை வைத்தார்: சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதையெல்லாம் அவரே எழுதி வெளியிடச் செய்ய வேண்டும். மன்னர் அதை ஏற்றார்; செலவும் சமஸ்தானத்துடையது என்றார். எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்ற கட்டளையோடு வேலை சுப்பராமரிடம் வந்தது. அறுபது வயதில் அவர் எழுத உட்கார்ந்தார். அச்சான நூலைப் பார்க்க முதலியார் உயிரோடு இல்லை. கர்நாடக இசையுலகம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. அவருடைய பெயரைச் சொல்பவர்களோ சிலரே.

நூலின் அமைப்பு

பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் அச்சானது. வடமொழி, தெலுங்குச் சாகித்யங்களைப் பிழையின்றி எழுத அந்த எழுத்து ஏற்றதாக இருந்தது; தென்னாட்டு இசையுலகின் பொது எழுத்தாகவும் அப்போது அதுவே இருந்தது. கமகக் குறிகளை ஸ்வரங்களின்மேல் துல்லியமாகப் பதிக்கும் அச்சுவேலை ஒரு சிறிய அரண்மனை அச்சகத்துக்கு எளிதானதல்ல. ஒரு கிருதியின் ஒரு வரியை அச்சுக்கோக்கவே எழுத்து, ஸ்தாயிப் புள்ளி, காலத்தைக் காட்டும் கோடு, தாளப் பிரிவு, கமகக் குறி, அடியில் சாகித்யம் என அடுக்கடுக்காகக் கோக்க வேண்டும். ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ஒரு நூலில், இரண்டு பெரிய பகுதிகளில், இதைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

இசைவாணர் வரலாறு, இசையிலக்கணச் சுருக்கம், கமக விளக்கம், தாள விளக்கம் ஆகியவற்றுக்குப் பிறகு நூலின் உடல் பகுதி தொடங்குகிறது. 72 மேளங்களையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ராகத்துக்கும் இலக்கண சுலோகம், உரைவிளக்கம், கீதம், தானம், கிருதி, இறுதியில் சஞ்சாரி என்று தருகிறார். ராமசுவாமி தீட்சிதரின் நூற்றெட்டு ராகதாள மாலிகை கிடைத்த அளவுக்கு இதில் இருக்கிறது. பச்சிமிரியம் ஆதியப்பையாவின் புகழ்பெற்ற பைரவி வர்ணமான ‘விரிபோணி’யும் இருக்கிறது. இன்று மாணவர்கள் பாடும் பாடத்தையும் நூலில் உள்ள பாடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட காலத்தில் என்னென்ன உதிர்ந்தன, என்னென்ன சேர்ந்தன என்பது விளங்கும்.

கமகக் குறிகள் இந்த நூலின் உயிர்நாடி. மேல்நாட்டு இசையெழுத்தில் ஒரு ஸ்வரம் ஒரு புள்ளி. அது நின்ற இடத்தில் நிற்கும். கர்நாடக இசையில் ஸ்வரம் அசைகிறது, வழுக்குகிறது, பக்கத்து ஸ்வரத்தைத் தீண்டித் திரும்புகிறது. முதலியாரின் பதிப்பு தடுமாறிய இடம் இதுதான். சுப்பராமர் வீணையின் விரல்வேலையிலிருந்து குறிகளை வகுத்தார். ஒரு மெட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியை அசைப்பது கம்பிதம், அதற்கு நெளிகோடு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி ஏறுவது ஏற்ற ஜாரு, வழுக்கி இறங்குவது இறக்க ஜாரு. அவற்றுக்கு வலமும் இடமுமாகச் சாய்ந்த கோடுகள். இரட்டை ஸ்வரங்களில் இரண்டாவதை அழுத்தித் தருவது ஏறுவரிசையில் ஸ்புரிதம், இறங்குவரிசையில் பிரத்யாகதம். இரண்டுக்கும் மும்மூன்று புள்ளிகள், ஒன்றில் நிமிர்ந்தும் மற்றதில் தலைகீழாகவும். ஒரே மெட்டில் தந்தியை ஒதுக்கி இழுத்து மேல் ஸ்வரத்தை எழுப்புவது ஒதுக்கல். அதற்குப் பெருக்கல் குறி. நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒரிகை என்று இன்னும் பல. இந்தப் பெயர்களில் பாதி சாஸ்திர நூல்களிலிருந்து வந்தவை; மீதி வீணைக்காரர்கள் வீட்டில் அன்றாடம் பேசிய சொற்கள். சார்ங்கதேவர் போன்ற பழைய சாஸ்திரகாரர்கள் சொன்ன கமகப் பட்டியலை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு நகராமல், கையில் நடக்கும் வேலைக்குப் பெயர் வைத்ததில்தான் அவருடைய இசையியல் அறிவு வெளிப்படுகிறது.

இந்தக் குறிகளைக் கொண்டு ஒரு கிருதியை வீணையில் வாசித்துப் பார்ப்பவருக்கு, முத்துசுவாமி தீட்சிதரின் இசை ஏன் சௌக்க காலத்தையே நாடுகிறது என்பதற்கும் விடை கிடைக்கும். ஸ்வரந்தோறும் இத்தனை நுட்பங்கள் அமர வேண்டுமானால் அதற்கு நேரம் வேண்டும். விரைவாகப் பாடினால் குறிகளில் பாதி காற்றில் போய்விடும்.

மேளமும் ராகமும்

வேங்கடமகி பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் எழுதிய ‘சதுர்தண்டி பிரகாசிகை’ 72 மேளங்களுக்கு வழிவகுத்தது. பிற்காலத்தில் அந்த எழுபத்திரண்டுக்கும் பெயர்சூட்டிய பட்டியல்கள் இரண்டு. ஒன்று கனகாம்பரி, பேனத்யுதி என்று தொடங்குவது. தீட்சிதர் குடும்பம் பின்பற்றியது இது. மற்றது கனகாங்கி, ரத்னாங்கி என்று தொடங்குவது. இன்று இசைப் பள்ளிகளில் சொல்லித்தரப்படுவது அது.

பெயர் வேறுபாடு மேலோட்டமானது. அடியில் இருப்பது இரு வேறு இசைநோக்கு. இன்றைய முறையில் தாய்ராகம் என்றால் ஆரோகணத்திலும் அவரோகணத்திலும் ஏழு ஸ்வரங்களும் வரிசையாக வர வேண்டும். தீட்சிதர் மரபின் ராகாங்க ராகத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து ஏழு ஸ்வரங்கள் நிறைந்தால் போதும். 22-ஆம் மேளத்தை எடுத்துக்கொள்ளலாம். இன்றைய பட்டியலில் அது கரகரப்ரியா: ஏழும் நேர்வரிசை. பிரதர்சினியில் அதே எண்ணில் ஸ்ரீராகம் அமர்ந்திருக்கிறது: ஏறும்போது ஸ ரி ம ப நி ஸ, இறங்கும்போது ஸ நி ப த நி ப ம ரி க ரி ஸ என வளைவு. முதல் முறை ஸ்வரங்களின் கணக்கிலிருந்து ராகத்துக்குப் போகிறது. இரண்டாவது, வழக்கில் உயிரோடு இருக்கும் ராகத்தைத் தலைமையில் வைத்து அதற்குக் கணக்கைப் பொருத்துகிறது. தியாகராஜர் கரகரப்ரியாவில் பாடிய பேரழகான கிருதிகளைக் கேட்டவர்கள் முதல் முறையைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய ராகங்களின் வளைவு நெளிவுகளைக் காப்பாற்றிவைத்தது இரண்டாவது முறை. சுப்பராமர் அதற்காக வாதாடவில்லை. ராகந்தோறும் கீதமும் தானமும் கிருதியும் எடுத்துவைத்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

நூலின் பலவீனமும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வேங்கடமகியின் பெயரில் அவர் எடுத்தாளும் ராக இலக்கண சுலோகங்கள் சதுர்தண்டி பிரகாசிகையில் காணப்படுவன அல்ல. காலத்தால் பிற்பட்டவை என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. சில இடங்களில் சுலோகம் ஒன்று சொல்ல, அதன் கீழே வரும் கிருதி வேறொன்று செய்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் அவர் சுலோகத்தைத் திருத்தவில்லை, கிருதியையும் வளைக்கவில்லை. வழக்கில் உள்ளது இது என்று உரையில் சொல்லி இரண்டையும் அப்படியே விட்டுவிடுகிறார். பிற்கால ஆய்வாளருக்கு இந்த நேர்மையே பெரிய கொடை.

வரலாற்றாசிரியர்

முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையைப் பற்றி இன்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதிக்கு மூலம் பிரதர்சினியின் வரலாற்றுப் பகுதி. காசியில் சிதம்பரநாத யோகியிடம் இருந்தது, திருத்தணியில் முருகன் அருள் பெற்றது, எட்டயபுரத்தில் முடிந்தது எல்லாம் அங்கிருந்து வருபவை. குடும்ப நினைவும் பக்தியும் அதில் பின்னிக்கிடக்கின்றன. அற்புதங்களை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம். ஆனால் மாதமும் நட்சத்திரமும் சொல்லும் இடங்களில் அவர் தரும் செய்தி சோதித்துப் பார்க்கத் தக்கது.

தீட்சிதர் மன்மத ஆண்டு பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில் பிறந்தார் என்பது குடும்பக் குறிப்பு. பல நூல்களில் பிறந்த ஆண்டு 1775 என்று காணப்படுகிறது. மன்மத ஆண்டு 1775 ஏப்ரலில் தொடங்கியது உண்மை. ஆனால் பங்குனி அந்த ஆண்டின் கடைசி மாதம். அது விழுவது 1776 மார்ச்சில். அறுபது ஆண்டு வட்டம் சுற்றி மறுபடி மன்மத ஆண்டு வந்தது 1835-இல். அந்த ஐப்பசியின் தீபாவளியில் அவர் மறைந்தார். அறுபது வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன. தமிழ் ஆண்டுக் கணக்கை ஆங்கில ஆண்டுக்கு மாற்றும்போது நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவு, நூற்றாண்டுக்கும் மேலாக அச்சில் தொடர்கிறது.

அண்ணாமலைக் கிருதி

பஞ்சபூதத் தலங்கள் ஐந்தின்மேலும் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகள் பாடினார். காஞ்சி, திருவானைக்கா, காளத்தி, சிதம்பரம் ஆகியவற்றோடு, நெருப்புத் தலமான திருவண்ணாமலைக்கு உரியது சாரங்க ராகத்தில் ரூபக தாளத்தில் அமைந்த ‘அருணாசலநாதம்’. சாகித்யம் வடமொழி. இந்தக் கிருதி எப்படி நமக்கு வந்தது என்பதைப் பார்த்தால் பிரதர்சினியின் பெறுமதி வேறொரு கோணத்தில் தெரியும்.

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. ஆதி அருணாசலேசுவரர் கோயிலும், அருகே மாணிக்கவாசகருக்குத் தனிக் கோயிலும் அங்கே உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் பாடிய இடம் இது என்பது மரபு. ஆயிரம் ஆண்டு தாண்டியும் அந்தப் பாடல்கள் ஒரு சொல் குறையாமல் இருக்கின்றன. மார்கழி தவறாமல் பாடப்படுகின்றன. தாய்லாந்தின் அரச சடங்குகள் வரை போயிருக்கின்றன. ஆனால் மாணிக்கவாசகர் எந்த இசையில் பாடினார்? தேவாரப் பதிகங்களுக்குப் பண் வகுத்துச் சொன்ன மரபு, திருவெம்பாவை அடங்கிய திருவாசகத்துக்கு அப்படிச் செய்யவில்லை. ஓதுவார்கள் இன்று பெரும்பாலும் மோகன ராகத்தில் பாடுகிறார்கள். அது பின்னாள் வழக்கம். ஏடு சொல்லைக் காத்தது. இசையைக் காக்க ஏட்டுக்கு வழி இருக்கவில்லை.

அதே மலைமேல் பாடப்பட்ட அருணாசலநாதத்துக்கு அந்த இழப்பு நேரவில்லை. எந்த ஸ்வரம் கம்பிதத்தில் அசைய வேண்டும், எது ஜாருவில் ஏற வேண்டும், சாகித்யத்தின் எந்த எழுத்து தாளத்தின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது எட்டயபுரத்தில் அச்சாகிவிட்டது. பாடுபவர் அதை மாற்றிப் பாடலாம். மாற்றுவது எதிலிருந்து என்று காட்ட ஒரு மூலம் இருக்கிறது.

கடைசி ஆண்டுகளும் பின்வந்தவர்களும்

நூல் வெளிவந்த 1904-ஆம் ஆண்டிலேயே பம்பாயைச் சேர்ந்த விஷ்ணு நாராயண பாத்கண்டே தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். வட இந்திய இசையைப் பத்து தாட்டுகளில் அடக்கிப் பின்னாளில் பெயர்பெற்றவர். எட்டயபுரத்தில் சுப்பராமரைச் சந்தித்துப் பேசினார். சதுர்தண்டி பிரகாசிகையின் படியும் அவரிடமிருந்து பெற்றார். மேளப் பகுப்பு முறை பாத்கண்டேயின் சிந்தனையில் எவ்வளவு வேர்விட்டது என்பதை அவருடைய நூல்களே சொல்லும். இந்துஸ்தானி இசையின் இன்றைய பாடத்திட்டத்துக்கும் ஒரு கரிசல்காட்டு ஊருக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

முதல் பாடங்களுக்கான ‘பிரதமாப்யாச புஸ்தகம்’ 1905-இல் வந்தது. மறு ஆண்டு சுப்பராமர் காலமானார். எட்டயபுரத்திலேயே பிறந்து, அரண்மனையில் பணிசெய்து, அப்போது சென்னையில் பத்திரிகையாளராக இருந்த சுப்பிரமணிய பாரதி அவருடைய மறைவுக்கு இரங்கற்பா எழுதினார். பாரதியின் கவிதைத் தொகுப்புகளில் அது இருக்கிறது. சங்கீத வித்துவான்களின் அலட்சியத்தைக் கடுமையாகச் சாடத் தயங்காதவர் பாரதி. அவர் மனம் கசிந்து பாடிய வித்துவான் இவர்.

சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் குடும்பப் பாடாந்தரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி. எல். வேங்கடராம ஐயரும், டி. கே. பட்டம்மாளும் அவரிடம் பயின்றவர்கள். பட்டம்மாளின் குரலில் தீட்சிதர் கிருதிகள் இசைத்தட்டுக்கும் வானொலிக்கும் வந்தபோது அவற்றின் புகழ் பொதுமக்களிடம் பரவியது.

தெலுங்கு எழுத்து படிக்கத் தெரியாத தமிழ் மாணவர்களுக்கு நூல் நெடுங்காலம் எட்டாமலே இருந்தது. சென்னை மியூசிக் அகாடமி அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவர முன்வந்தது. பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் உழைத்த தமிழ்ப் பதிப்பின் முதல் தொகுதி 1961-இல் வந்தது. ஐந்தாவது தொகுதி 1983-இல் நிறைவடைந்தது. நான்கு ஆண்டுகளில் ஒரு முதியவர் எழுதி அச்சிட்டதை எழுத்துமாற்றம் செய்து வெளியிடவே இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது.

இன்று முத்துசுவாமி தீட்சிதர் பெயரில் 450-க்கும் மேற்பட்ட கிருதிகள் வழங்குகின்றன. அவற்றில் பாதியளவே பிரதர்சினியில் உள்ளவை. தஞ்சை நால்வர், தம்பியப்பன் போன்ற நேர்ச்சீடர்களின் வழியாகவும் நல்ல கிருதிகள் வந்திருக்கின்றன. ஆகவே நூலில் இல்லாததெல்லாம் போலி என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் தீட்சிதரின் ‘குருகுஹ’ முத்திரை இருப்பது மட்டுமே ஒரு கிருதி அவருடையது என்பதற்குச் சான்றாகாது. ராகத்தின் நடை பிரதர்சினி காட்டும் நடையோடு ஒத்துப்போகிறதா, சாகித்யத்தின் வடமொழி அவருடைய தரத்தில் இருக்கிறதா, எந்தக் குருவழியில் வந்தது என்று மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

நூலில் உள்ள 229 கிருதிகளிலும் மேடையில் அடிக்கடி கேட்பவை ஒரு பகுதிதான். தமிழ்ப் பதிப்பு இசைக் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. தீட்சிதர் கிருதி ஒன்றைப் பாடம் செய்யும் மாணவர் இசைத்தட்டைக் கேட்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பக்கத்தைத் திறந்து, கமகக் குறிகளைப் பார்த்துப் பாடிப் பழக வேண்டும்.